நிறம் போன தண்ணீர்

அரியாங்குப்பத்துக்கு வருகிற விருந்தாளியை அரிக்கமேட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவது எங்கள் குடும்பத்தில் ஒரு சம்பிரதாயம். போனவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றத்தோடுதான் திரும்புவார்கள். ரோமாபுரி வர்த்தகம், மதுச்சாடி, கண்ணாடி மணி என்றெல்லாம் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே தென்னையும் மாவும் ஆற்றங்கரைக் காற்றும்தான் கிடைக்கும். செங்கல் சுவர் ஒன்று இடிந்து நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்த்து, "ஆகா, இரண்டாயிரம் வருஷம்!" என்று கண் கலங்கியவர்கள் உண்டு. அது 18-ம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டிய வீடு. நான் திருத்துவதில்லை. இவ்வளவு தூரம் வெயிலில் வந்த மனிதர், வியந்துவிட்டுத்தான் போகட்டுமே.

எனக்கு அங்கே பிடித்த சங்கதி இப்போது கண்ணுக்குத் தெரியாதது. 1945-ல் மார்டிமர் வீலர் அந்த இடத்தைத் தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் அவற்றை ஒட்டித் தண்ணீர் போகிற கால்வாய்களும் வெளிப்பட்டன. மஸ்லின் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகளாக இருக்க வேண்டும் என்று வீலர் கருதினார். தொட்டியைவிட அந்தக் கால்வாய்தான் என் மனசில் நின்றது. தோய்த்த தண்ணீரை எங்கேயாவது விட்டுத் தொலைக்க வேண்டும் என்கிற கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆறு பத்தடியில் ஓடுகிறது. கவலையும் அதோடு தீர்ந்திருக்கும்.

எங்கள் பெரியப்பாவுக்கு ஆறு அவ்வளவு பக்கத்தில் இல்லை.

பெரியப்பா நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை. அதில் இரண்டு செப்பு அண்டா, நான்கு சிமெண்டுத் தொட்டி, நூலைக் காயப்போட மூங்கில் கொடிகள். லுங்கி நெய்கிற தறிக்காரர்கள் வெள்ளை நூலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சிவப்பும் கறுப்பும் நீலமுமாக வாங்கிப் போவார்கள். புதுச்சேரியிலிருந்து 19-ம் நூற்றாண்டில் நீலத் துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று, செனகலில் அதைக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினார்கள் என்பது சரித்திரம். அந்தப் பெருமையெல்லாம் பெரியப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூலியை அரையணா கூட்டியிருப்பார்.

அந்தக் கொட்டகை எங்களுக்குச் சொர்க்கம். காரணம் சாயம் அல்ல, ஐஸ். 'நாப்தால்' என்று ஒரு சாயம் உண்டு. முதல் தொட்டியில் நூலை முக்கி எடுத்தால் வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும். அதைப் பிழிந்து, 'பேஸ்' என்கிற மருந்து கரைத்த இரண்டாவது தொட்டியில் போட்ட மாத்திரத்தில், யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி, குப்பென்று சிவந்துவிடும். இந்த இரண்டாவது தொட்டி ஜில்லென்று இருக்க வேண்டும். சூடு ஏறினால் மருந்து கெட்டுப்போகும். ஆகையால் புதுச்சேரியிலிருந்து மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் பாளம் சைக்கிள் கேரியரில் வரும். பெரியப்பா அதைக் கடப்பாரையால் உடைக்கும்போது சிதறுகிற துண்டுகளுக்காக நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்போம். தரையில் விழுந்ததை எடுத்து டிராயரில் துடைத்துவிட்டு வாயில் போட்டுக்கொள்வோம். எந்தத் தரையில் விழுந்தது என்று யார் பார்த்தார்கள்?

பெரியப்பாவின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் ஒரே நிறமாக இருந்து நான் பார்த்ததில்லை. நகக்கண்ணில் எப்போதும் சிவப்பு. சோறு பிசைந்தால் சோறே சிவந்துவிடும் என்று பெரியம்மா கேலி செய்வாள். கல்யாண வீடுகளில் அவர் சந்தனம் எடுத்துக்கொள்ளும்போது மற்றவர்கள் அவர் கையைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் வெட்டிய ஒரு குழிக்குப் போகும். எங்கள் பக்கத்து மண் மணல். காலையில் நிரம்பிய குழி மாலையில் வற்றிவிடும். "பூமாதேவி குடிச்சிட்டா" என்பார் பெரியப்பா. அவள் குடித்து எங்கே வைத்திருக்கிறாள் என்று 1965-ல் தெரிந்தது. பக்கத்து வீட்டு அத்தையின் கிணற்றில் தண்ணீர் ரோஜா நிறமாக மாறிற்று.

அத்தை எங்களுக்கு உறவு இல்லை. ஆனால் என் அம்மாவுக்கு உடம்பு முடியாதபோதெல்லாம் எனக்குத் தலை பின்னி விடாத குறைதான். மற்றதெல்லாம் அவள்தான் செய்தாள். கணவனை இழந்தவள். ஒரு பிள்ளை கடலூரில் வேலையாக இருந்தான். சண்டை போடத் தெரியாது. ஒரு செம்பில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். பெரியப்பா வந்து பார்த்தார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை.

மறுநாள் இரண்டு மூட்டை சவுக்குக் கரி வாங்கி வந்தார். அதைச் சின்னச் சின்னதாக உடைத்து, மண்பானையில் அலசி, சாக்குகளில் கட்டிக் கிணற்றில் இறக்கினார். கரி நிறத்தைக் குடிக்கும் என்பது சாயக்காரனுக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம். ஒரு வாரத்தில் ரோஜா நிறம் மங்கிற்று. சாக்கை மாற்றினார். மூன்றாம் வாரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

பெரியப்பா ஒரு தம்ளரை என் கையில் கொடுத்தார். "எடுத்துக்கிட்டுப் போய் அத்தைக்குக் குடு. நிறம் இல்லைன்னு காட்டு. நீயும் ஒரு வாய் குடிச்சுக் காட்டு" என்றார்.

நான் குடித்துக் காட்டினேன். அத்தை தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உங்க பெரியப்பா குடிச்சாராடா?"

அவர் குடித்து நான் பார்க்கவில்லை. அவர் குடித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயசு. எது கேள்வி, எது பதில் என்று நன்றாகத் தெரிகிற வயசு.

"குடிச்சாரு அத்தை" என்றேன்.

அவள் குடித்தாள். எங்கள் தெருவுக்குக் குழாய் வருகிற வரைக்கும் நாலு வருஷம் அந்தக் கிணற்றையே குடித்தாள். பெரியப்பாவும் சாக்குக் கரியை ஒழுங்காக மாற்றிக்கொண்டுதான் வந்தார். இந்தப் பொய்யை நான் யாரிடமும் சொன்னதில்லை. கதைகளில் எத்தனையோ பேரைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். இந்த ஒன்றை எந்தக் கதையிலும் வைக்கத் துணியவில்லை.

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் வந்தாள். பெரியப்பாவின் பேத்தி. ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வந்தவள் காப்பி கேட்பதற்கு முன்னால் கொட்டாங்குச்சி கேட்டாள். "பழைய பெயிண்ட் டப்பா இருக்கா சித்தப்பா, மூடி போட்டது?" என்று அடுத்த கேள்வி. டப்பாவில் கொட்டாங்குச்சியை உடைத்துப் போட்டு, மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை குத்தி, தோட்டத்தில் விறகு அடுக்கி அதன் நடுவே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஓட்டை வழியாகப் புகை வந்தது. அப்புறம் அந்தப் புகையே தீப்பிடித்து ஒரு சின்ன விளக்கு மாதிரி எரிந்தது. அது அணைந்ததும், "ஆச்சு" என்றாள். காற்றுப் படாமல் வெந்ததால் சாம்பல் ஆகாமல் கரியாக நின்றுவிட்டது. இதற்கு 'உயிர்க்கரி' என்று இப்போது பெயராம். கொட்டாங்குச்சிக் கரியில் பல் தேய்த்த பரம்பரைக்கு இது ஒரு பெயரா என்று நான் சிரித்தேன்.

"இது சும்மா காட்டறதுக்கு. நிஜமானது என் பையில இருக்கு" என்று ஒரு சீசாவை எடுத்தாள். அதுவும் கரித்தூள்தான். ஆனால் இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, கல்லூரியில் காற்றுப் புகாத உலையில் மறுபடி சுட்ட கரி. சீசாவின் பக்கத்தில் ஒரு காந்தத்தைப் பிடித்தாள். தூள் முழுவதும் கறுப்பு எறும்புக் கூட்டம் போலக் கண்ணாடிச் சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டது. எழுபது தாண்டியவன் என்பதை மறந்து நானே காந்தத்தை வாங்கி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.

பிறகு இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றிச் சிவப்புச் சாயம் ஒரு சிட்டிகை கரைத்தாள். ஒன்றில் சாதாரணக் கரித்தூள். மற்றதில் இரும்பேற்றிய கரித்தூளோடு இரண்டு சொட்டு அமிலமும், புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டாள். நாங்கள் காப்பி குடித்தோம், ஊர்க்கதை பேசினோம். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றைத் தாளில் வடிகட்டி, மற்றதைக் காந்தத்தால் ஒதுக்கி, இரண்டு தம்ளர்களையும் என் முன்னால் வைத்தாள். இரண்டும் தெளிவு.

"எது சுத்தம், சொல்லுங்க."

"இரண்டுந்தான்" என்றேன். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. அதே மாதிரி ஒரு தம்ளரை நான் கையில் ஏந்தி நடந்தவன் அல்லவா?

அவள் முதல் தம்ளரிலிருந்து வடித்த கரியை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, ஸ்பிரிட்டை ஊற்றிக் கலக்கினாள். ஸ்பிரிட் மெல்லச் சிவந்தது. எங்கும் போகவில்லை சாயம், கரிக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. இரும்புக் கரியையும் அதே மாதிரி கலக்கினாள். அதில் ஒன்றும் வரவில்லை.

வாசகர்களில் பலருக்கு ரசாயனம் பள்ளிக்கூடத்தோடு கைகழுவிய விஷயமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன். கரி என்பது முழுக்க முழுக்க ஓட்டை. நல்ல கரி ஒரு கிராமை எடுத்து அதன் உள்சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வருமாம். ஒரு தேக்கரண்டிக்குள் ஒரு கல்யாண மண்டபம். சாயம் அதன் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. மண்டபம் நிரம்பினால் கதவு அடைத்துவிடும். அதைத் தூக்கி எங்கே கொட்டுகிறோமோ அங்கே சாயமும் சேர்ந்து போகும். இரும்பேற்றிய கரி செய்கிற வேலை வேறு. அதில் உள்ள இரும்பு பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் ராடிகல் என்று ஒன்றைப் பிறப்பிக்கிறது. ஜோடி இழந்த ஒற்றை எலக்ட்ரானோடு பிறக்கிற ஆசாமி. அதன் ஆயுள் ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் எதிரே அகப்பட்டதைக் கடித்துக் குதறிவிட்டுச் சாகிறது. சாயத்தைப் பிடித்து வைப்பது கரி. கடிப்பது இந்த ஆசாமி. எல்லாம் சரியாக நடந்தால் கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும், அதோடு கொஞ்சம் உப்பும்.

இரண்டுமே பழைய வித்தைகள் என்பதுதான் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. கரி, கரைசலில் உள்ள நிறத்தைக் குடிப்பதை 1785-ல் ரஷ்யாவில் லோவிட்ஸ் என்ற மருந்துச்சரக்குக்காரர் கண்டு எழுதினார். டார்ட்டாரிக் அமிலத்தைப் படிகமாக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது அகப்பட்ட விஷயம் அது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து செய்கிற வேலையை 1894-ல் இங்கிலாந்தில் பென்டன் என்பவர் வெளியிட்டார். அவர் கையில் இருந்ததும் அதே டார்ட்டாரிக் அமிலம். அது வேறொன்றுமில்லை, நம் வீட்டுப் புளியில் இருக்கிற புளிப்பு. இரண்டு பேரும் நூறு வருஷ இடைவெளியில் ஒரே புளிச்சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த இரண்டையும் ஒரே துகளில் கட்டிவைக்கிறார்கள்.

"அப்படியானால் தீர்ந்தது. திருப்பூருக்கு ஒரு லாரி அனுப்பு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. திருப்பூர் என்றால் அவளுக்கு ஓர் ஊரல்ல, ஒரு பரீட்சை. நொய்யல் ஆற்றில் 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். அதில் தேங்கியது சாயப்பட்டறைத் தண்ணீர். எந்த விவசாயிக்காகக் கட்டினார்களோ அந்த விவசாயியே, எங்கள் நிலத்துக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போகிற காலம் வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லிற்று. ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம். அதற்குச் செலவும் மின்சாரமும் ஏராளம். தண்ணீரைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற உப்பும் சகதியும் மலைபோல் குவிகின்றன.

"நிஜமான சாயத் தண்ணியில உப்புதான் சித்தப்பா ஜாஸ்தி. இந்த ராடிகல் சாயத்தைக் கடிக்கிறதுக்கு முன்னாடி உப்பைக் கடிச்சுட்டுச் செத்துப்போகுது. என் தம்ளர்ல நடக்கறது பட்டறைத் தொட்டியில நடக்காது. தவிர, ஏழெட்டுத் தடவை உபயோகிச்சா இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைஞ்சு போயிடுது." தன் பிள்ளையின் மார்க்கைக் குறைத்துச் சொல்கிற தாயை நான் அப்போதுதான் பார்த்தேன். அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"நிறம் போகுதே, அது போதாதா?"

"நிறம் போறது முதல் அரைமணி. அதுல ஒண்ணும் பெருமை இல்ல. சாயத்துல நிறம் தர்ற கணுவை ஒடைச்சாப் போதும், நிறம் போயிடும். ஒடைஞ்ச துண்டு அப்படியே தண்ணியில இருக்கும், கண்ணுக்குத் தெரியாம. சில சாயத்துல அந்தத் துண்டுதான் விஷம். சாயத்தை விட மோசம்." கல்லூரியில் ஓர் இயந்திரம் இருக்கிறதாம், தெளிந்த தண்ணீரில் இன்னும் எவ்வளவு கரிமம் மிச்சம் என்று அது சொல்லும். நிறம் முழுவதும் போன தண்ணீரிலும் பாதிக்கு மேல் மிச்சம் இருப்பதை அவள் பல தடவை பார்த்திருக்கிறாளாம். அந்த மிச்சத்தை இல்லாமல் செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. மூன்று வருஷமாக அதோடு மல்லாடுகிறாள்.

அப்போதுதான் கேட்டாள், "தாத்தாவோட சாய நோட்டு உங்ககிட்டதான் இருக்குன்னு அப்பா சொன்னாரே?"

இருந்தது. நீள வசத்தில் தைத்த கணக்கு நோட்டு. என்ன நிறத்துக்கு எந்த மருந்து எவ்வளவு, எத்தனை கட்டு நூல், ஐஸ் எத்தனை பாளம் என்று பெரியப்பா பென்சிலால் எழுதி வைத்தது. 'ஸ்கார்லட் ஜீ பேஸ்' 'புளூ பீ பேஸ்' என்று இங்கிலீஷ் பெயர்களைத் தம் காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருப்பார். அவள் ஊஞ்சலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். நடுநடுவே பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சில பெயர்களின் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள்.

"என்ன புள்ளி?"

"இப்போ தடை பண்ணின சரக்கு."

சில சாயங்களில் அடங்கியிருக்கிற அமீன் என்கிற பொருள் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஜெர்மனி 1994-ல் அவற்றுக்குத் தடை போட்டது. நம் நாட்டிலும் 1990-களில் 112 சாயங்களுக்குத் தடை வந்தது. பெரியப்பாவின் 'பேஸ்' வகைகளில் சில அந்த அமீனேதான். உடைந்து வெளிவர வேண்டியதுகூட இல்லை. அவர் உபயோகித்த மலிவான சிவப்பும் கறுப்பும் உடைந்தால் அந்த இனத்தைத்தான் வெளியே விடும்.

"இது உடம்புக்குள்ள போனா எங்கே போகும்?" என்று கேட்டேன். அத்தையை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"மூத்திரப்பையில போய்த் தங்கும். 1895-லயே ஜெர்மனியில ரேன்னு ஒரு டாக்டர், சாயத் தொழிற்சாலை ஆளுங்களுக்கு அங்கே கட்டி வர்றதைக் கண்டுபிடிச்சு எழுதினார். குடிக்கணும்னு அவசியம் இல்ல. தோல் வழியாவே போகும். மூச்சுல போகும்."

நான் பேசவில்லை. எனக்கு முன்னால் இருந்தது கிணறு அல்ல, இரண்டு கைகள். முழங்கை வரைக்கும் சிவந்த கைகள். சோறு பிசைந்த கைகள்.

அத்தை எண்பத்து நாலு வயசு வரைக்கும் இருந்தாள். கடைசி வரையில் கண்ணாடி போடாமல் அரிசியில் கல் பொறுக்கினாள். பெரியப்பா 1979-ல் ஐம்பத்தெட்டு வயசில் போனார். ஒரு வருஷம் மூத்திரத்தில் ரத்தம் போயிற்று. கல்லடைப்பு என்றார்கள், வாழைத்தண்டுச் சாறு கொடுத்தோம். வேறு மாதிரி என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டில் அந்த வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. பேத்திக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அவள் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "தாத்தாவுக்கு என்ன உடம்பு சித்தப்பா?"

சொன்னேன். ஐஸ் துண்டையும் சொன்னேன். கடைசியில், அறுபது வருஷமாகச் சொல்லாத அந்தத் தம்ளரையும் சொன்னேன். அவள் வெகு நேரம் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆளை வெச்சு இதனாலதான்னு சொல்ல முடியாது. தாத்தா சுருட்டும் குடிப்பாரில்ல? அதுவும் ஒரு பெரிய காரணம்" என்றாள். பரீட்சையில் எழுதுகிற பதில் மாதிரி ஒழுங்காகத்தான் சொன்னாள். குரல் மட்டும் ஒழுங்காக இல்லை. பிறகு, "அந்தக் கிணத்துல போட்ட கரியை மாத்தினாரே, பழைய கரியை என்ன பண்ணினார்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றாத கேள்வி. நினைத்துப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால், அந்தக் குழியின் ஓரத்தில்தான் கொட்டுவார். ஐப்பசி மழையில் அந்தக் கரிமேட்டைச் சுற்றிலும் தேங்குகிற தண்ணீர் லேசான ரோஜா நிறமாக இருக்கும். நாங்கள் அதில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறோம். கிணற்றிலிருந்து எடுத்ததை அது வந்த இடத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி கிணற்றுக்கு வந்து புதுக் கரியைக் கட்டியிருக்கிறார் மனிதர், நாலு வருஷம்.

அத்தையின் வீட்டில் இப்போது அவள் பேரன் இருக்கிறான். கிணற்றை மூடி மோட்டார் போட்டிருக்கிறான். துணி துவைக்க, செடிக்கு ஊற்ற. குடிக்கத் தண்ணீர் 'கேன்' வருகிறது. அவனிடம் ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டும் என்று கேட்டோம். எதற்கு என்று கேட்டான். "பரீட்சைக்கு" என்றாள் இவள். பாட்டிலை மூன்று தடவை அதே தண்ணீரில் அலசிக் கொட்டிவிட்டு, நாலாவது தடவை நிரப்பி, தேதி எழுதி ஒட்டினாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அத்தை தூக்கின மாதிரியே.

இரண்டு வாரம் கழித்து டெலிபோன் செய்தாள். சாயம் இல்லை. அவளுடைய கருவிக்கு எட்டுகிற அளவில் அமீனும் இல்லை. உப்புதான் ஏகமாக இருக்கிறதாம். கடல் இரண்டு மைல். ஆற்றில் வேலியேற்றத்துக்கு உப்புத் தண்ணீர் ஏறுகிறது. தெருவுக்குத் தெரு ஆழ்குழாய் போட்டு உறிஞ்சுகிறோம். உப்பு வராமல் என்ன செய்யும்? சாயம் பிடிக்க ஒரு காலத்தில் பெரியப்பாவும் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டினார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். "அது எப்பவோ கரைஞ்சு போயிருக்கும் சித்தப்பா" என்றாள்.

"உன் கரி இந்த உப்பை எடுக்குமா?"

"எடுக்காது. உப்புக்குக் கரி ஒண்ணும் செய்யாது."

நோட்டைப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் கொண்டுவந்து தரவில்லை. நானும் கேட்கவில்லை.